பலகை பச்சை, தொழில் பழையபடி: நிறுவன இலக்கு முறையில் வரும் கோளாறுகளை அறிகுறிவாரியாகச் சரிசெய்தல்

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, கஞ்சிக்கோடு என்று தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இருபுறமும் உள்ள காயர் பித் (தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூள்), தென்னை நார், வார்ப்படம், எந்திர உதிரிபாக நிறுவனங்கள் பலவற்றில் ஓகேஆர், கேபிஐ, பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்று ஏதோ ஒரு பெயரில் இலக்கு முறை நடக்கிறது. தொடங்கும் காலாண்டில் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். இரண்டு காலாண்டு கழிந்ததும் "இது வேலைக்கு ஆகலை, வேற முறை சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்ட இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ட கோளாறுகளை அறிகுறிவாரியாகப் பிரித்து இங்கே எழுதுகிறேன். கோளாறு முறையில் இருந்தது அரிது. இலக்கை எழுதிய விதத்திலும், எண் குறைந்தபோது மேலே இருப்பவர் நடந்துகொண்ட விதத்திலும்தான் பெரும்பாலும் இருந்தது.

உங்கள் நிறுவனத்தில் தெரியும் அறிகுறியை மட்டும் தேடிப் படித்தால் போதும். காரணங்களைச் செலவில்லாதது முதலாகவும் செலவு மிக்கது கடைசியாகவும் வைத்திருக்கிறேன். முன்படியைச் சோதிக்காமல் பின்படிக்குப் போக வேண்டாம். இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் 1970களில் நடைமுறைப்படுத்தி, அங்கே பணியாற்றிய ஜான் டோர் 1999-ல் கூகுளுக்குக் கொண்டுசென்ற ஓகேஆர் முறையின் சொற்களையே பயன்படுத்துகிறேன்: எங்கே போக வேண்டும் என்பது நோக்கம், போய்ச் சேர்ந்ததை எந்த எண் காட்டும் என்பது முக்கிய விளைவு. உங்கள் முறைக்கு வேறு பெயர் இருந்தாலும் சோதனைகள் பொருந்தும்.

## எல்லாருக்கும் பொதுவான முதல் சோதனை

கடந்த காலாண்டின் இலக்குத் தாளை எடுங்கள். அதே மூன்று மாதத்தில் முதலாளியோ பொது மேலாளரோ கையெழுத்திட்ட பெரிய செலவுகளின் பட்டியலையும், புதிதாக எடுத்த ஆட்கள் எந்தப் பிரிவுக்குப் போனார்கள் என்ற விவரத்தையும் அதன் பக்கத்தில் வையுங்கள். பணமும் ஆளும் போன இடங்களுக்கு இலக்குத் தாளில் இடமே இல்லை என்றால், நிறுவனத்தின் உண்மையான உத்தி ஒருவர் மனத்தில் இருக்கிறது, தாளில் இல்லை. அந்த நிலையில் கீழே உள்ள எந்தத் திருத்தமும் நிற்காது. முதலாளியோடு அரை நாள் உட்கார்ந்து, இந்த ஆண்டு எதைச் செய்யப் போகிறோம், எதை வேண்டாம் என்று விடப் போகிறோம் என்ற இரண்டையும் எழுதி வாங்கிய பிறகே மேலே போங்கள். இரண்டாவதை எழுதித் தரத்தான் எல்லாரும் தயங்குவார்கள். அது இல்லாமல் எழுந்து வந்துவிடாதீர்கள்.

## அறிகுறி: இலக்குகள் எல்லாம் பச்சை, ஆனால் தொழிலில் மாற்றம் இல்லை

### காரணம் 1: விளைவு இருக்க வேண்டிய இடத்தில் வேலை எழுதப்பட்டிருக்கிறது

மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். ஒரு பேனாவால் சரிசெய்துவிடலாம். "புதிய ஈ.சி. மீட்டர் (மின்கடத்துதிறனைக் கொண்டு பித்தின் உப்பை அளக்கும் கருவி) வாங்குதல்", "தரப் பயிற்சி நடத்துதல்", "வாடிக்கையாளர் சந்திப்பு நடத்துதல்" என்று எழுதியிருந்தால் அவை வேலைகள். மீட்டர் வாங்கியதும் தாளில் அந்தக் கட்டம் பச்சையாகிவிடும் (பச்சை என்றால் எட்டியது, சிவப்பு என்றால் எட்டாதது). சரக்கு திரும்பி வருவது நிற்காது.

சோதனை எளிது. ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, "இதை முழுதாகச் செய்து முடித்தும் தொழில் அப்படியே இருக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்த வரியை வேலைப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு, அந்த வேலை எதற்காக என்பதை எண்ணோடு எழுதுங்கள். கழுவிய பித் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் "ஈ.சி. மீட்டர் வாங்குதல்" என்ற வரியை அடித்துவிட்டு, "ஏற்றுமதியாகும் ஒவ்வொரு லாட்டும் வாடிக்கையாளர் சோதனையில் 0.5 மில்லிசீமென்சுக்குக் கீழ் இருக்கும்" என்று எழுதினோம். அன்று மாலையே களத்து மேற்பார்வையாளர் கழுவும் நீரின் உப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதற்கு முந்தைய கூட்டங்களில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை, ஏனென்றால் கிணற்று நீரைப் பற்றிக் கேட்கும் வரி எதுவும் தாளில் இல்லை.

### காரணம் 2: இலக்கு ஏற்கெனவே எட்டியதற்குப் பக்கத்தில் இருக்கிறது

கடந்த நான்கு காலாண்டுகளின் உண்மையான எண்களையும் இந்தக் காலாண்டின் இலக்கையும் ஒரே வரிசையில் எழுதிப் பாருங்கள். வழக்கமான ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இலக்கு அடங்கிவிட்டால், அதை எட்டுவதற்கு யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கூகுளில் 0 முதல் 1 வரை மதிப்பெண் இட்டு, 0.6 முதல் 0.7 வரை வந்தாலே நல்ல நிலை என்று கொள்வது இதற்காகத்தான். எல்லாரும் 1 வாங்கினால் இலக்கு தாழ்வாக வைக்கப்பட்டது என்று அங்கே பொருள்.

### காரணம் 3: இலக்கோடு பணம் கட்டப்பட்டிருக்கிறது

போனஸும் சம்பள உயர்வும் இலக்கு மதிப்பெண்ணைப் பார்த்தே முடிவாகும் இடத்தில் எந்தப் பிரிவுத் தலைவரும் கடினமான இலக்கை ஒப்புக்கொள்ள மாட்டார். பிள்ளை படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தப் பணத்தை எண்ணியிருப்பவரைக் குறை சொல்ல இடமில்லை. இலக்குக் கூட்டத்தின் நேரத்தில் பாதிக்கு மேல் எண்ணைக் குறைக்கும் பேரத்தில் போகிறதா என்று கவனியுங்கள். போகிறது என்றால் இரண்டையும் பிரியுங்கள்: ஊக்கத்தொகை பழைய அளவீடுகளின்படி தொடரட்டும், துணிந்து வைக்கும் இலக்குகள் அதற்கு வெளியே நிற்கட்டும்.

வெளி ஆளை அழைக்க வேண்டிய கட்டம்: ஊக்கத்தொகை முறையையே மாற்ற நேர்ந்தால் நீங்களாகச் செய்ய வேண்டாம். இதைக் கடைசி அறிகுறியில் விரிவாகச் சொல்கிறேன்.

## அறிகுறி: ஜூலையில் எழுதிய இலக்கு ஆகஸ்டில் யாருக்கும் நினைவில்லை

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு பிரிவுக்கு மூன்று நோக்கத்துக்கு மேலும், ஒரு நோக்கத்துக்கு நான்கைந்து முக்கிய விளைவுக்கு மேலும் இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டாம். குறைத்துவிட்டு ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். பிரிவுத் தலைவரைத் தனியாக அழைத்துத் தாளைப் பார்க்காமல் இலக்குகளைச் சொல்லச் சொன்னால் விடை தெரிந்துவிடும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால், ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "உற்பத்தி மற்றும் தரப் பிரிவு" என்று எழுதிய வரியை உற்பத்தி தரத்திடமும் தரம் உற்பத்தியிடமும் விட்டிருக்கும். பிறகு வாரக் கூட்டத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை காலை, நின்றபடி, இருபது நிமிடம். ஒவ்வொரு விளைவுக்கும் போன வார எண், இந்த வார எண், தடை என்ன என்ற மூன்று மட்டும். இது நடக்காத இடத்தில் எந்த முறையும் உயிரோடு இருந்து நான் பார்த்ததில்லை.

இவை எல்லாம் ஒழுங்காக இருந்தும் இலக்கு மறக்கப்படுகிறதென்றால், காரணம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. முதலாளி ஒவ்வொரு நாளும் காலை வாட்ஸ்அப் குழுவில் புதிதாக ஒன்றை அவசரம் என்று இடுவார். ஆட்கள் அதன் பின்னால் ஓடுவார்கள். இரண்டு வாரச் செய்திகளை எடுத்து, எவை தாளில் உள்ள இலக்கைச் சார்ந்தவை, எவை சாராதவை என்று இரு நிறத்தில் குறித்து அவரிடமே காட்டுங்கள். வாதம் செய்வதைவிட இது பலன் தரும். பெரும்பாலானவர்கள் அந்தத் தாளைப் பார்த்து அமைதியாகிவிடுகிறார்கள், அடுத்த வாரம் செய்தி குறைகிறது.

மென்பொருள் இதில் கடைசிப் படி. ஐம்பது பேருக்குக் கீழ் உள்ள நிறுவனத்துக்கு ஒரு விரிதாளும் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையும் போதும். இரண்டு மாநிலத்திலும் கிளைகள் இருந்து, ஒரே எண்ணை இரண்டு இடத்தில் வேறு வேறாக எழுதும் நிலை வந்த பிறகு விற்பனையாளரை அழைக்கலாம்.

## அறிகுறி: ஒரு பிரிவு ஜெயிக்கிறது, பக்கத்துப் பிரிவு தோற்கிறது

கொள்முதல் பிரிவுக்குத் தேங்காய் மட்டையின் விலையைக் குறைக்க வேண்டும் என்று இலக்கு. தரப் பிரிவுக்கு உப்பைக் குறைக்க வேண்டும் என்று இலக்கு. கொள்முதல் மலிவான மட்டையை இறக்கிப் பச்சை வாங்கிவிடுகிறது; அதில் வந்த பித்தை இன்னொரு முறை கழுவ வேண்டி நீரும் ஆளும் நாளும் கூடுகின்றன. இருவரும் தத்தம் இலக்கை உண்மையாகவே உழைத்து எட்டப் பார்க்கிறார்கள். சண்டை ஆட்களுக்கு இடையில் இருப்பதுபோல் தோன்றினாலும் அது தாளில் எழுதிவைத்த சண்டை.

முதல் சோதனையாக, எல்லாப் பிரிவுகளின் இலக்குத் தாள்களையும் ஒரே மேசையில் பரப்பி, ஒவ்வொரு வரியையும் எடுத்து, "இதை எட்ட நீ குறுக்கு வழியில் போனால் யாருக்கு வலிக்கும்?" என்று கேளுங்கள். வலிக்கும் பிரிவின் அளவீட்டை அந்த வரிக்குத் துணை எண்ணாகச் சேருங்கள். மட்டை விலைக்குத் துணையாக "கழுவிய பின் ஒரு டன் பித்துக்கு ஆன மொத்தச் செலவு" என்று சேர்த்தால் கொள்முதல்காரரே களத்துக்கு வந்து மட்டையைப் பார்ப்பார்.

அடுத்து, இலக்குகள் மேலிருந்து கீழே இறக்கப்பட்டனவா, இருபுறமும் பேசி முடிவானவையா என்று பாருங்கள். ஜப்பானிய நிறுவனங்கள் ஹோஷின் கன்ரி என்ற முறையில், மேலே எழுதிய இலக்கைக் கீழே அனுப்பி, கீழே உள்ளவர்கள் திருத்தித் திருப்பி அனுப்ப, ஒப்புதல் வரும்வரை அதை மேலும் கீழும் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். நம் நிறுவனங்களில் ஒரே ஒரு சுற்றாவது இதைச் செய்தால் முரண்களில் பெரும்பகுதி காலாண்டு தொடங்கும் முன்பே வெளிப்பட்டுவிடும்.

எல்லையின் இருபுறமும் கிளை வைத்திருப்போருக்கு இன்னொரு காரணம் உண்டு. ஜூலை–செப்டம்பர் காலாண்டில் ஓணம் வரும். பாலக்காட்டுப் பக்கக் கிளையில் அந்த வாரம் ஆள் குறைவு. ஜனவரியில் பொங்கலுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் குறைவு. இரு கிளைக்கும் ஒரே மாத இலக்கை வைத்து ஒப்பிடும் நிறுவனத்தில் ஒரு கிளை மற்றதைச் சோம்பேறி என்று நினைக்கத் தொடங்கிவிடும். காலாண்டு இலக்கு ஒன்றாக இருக்கட்டும்; வார இலக்கை அந்தந்தக் கிளையின் நாட்காட்டிப்படி பிரியுங்கள்.

வெளி ஆளை அழைக்க வேண்டிய கட்டம்: துணை எண் சேர்த்தும், பேசி முடித்தும், இரு பிரிவுகளின் செலவை எப்படிப் பங்கிடுவது என்பதிலேயே தகராறு நின்றால், செலவுக் கணக்காளர் ஒருவரை அழையுங்கள். அது இலக்குப் பிரச்சினை அல்ல, கணக்குப் பிரச்சினை.

## அறிகுறி: எண்கள் அழகாக வருகின்றன, சரக்கு வேறு கதை சொல்கிறது

இந்த அறிகுறியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. 2016-ல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. விற்பனை இலக்கின் அழுத்தத்தால் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குகளைத் திறந்திருந்தார்கள். தாளில் அந்த வங்கியின் விற்பனை எண்கள் அழகாகத்தான் இருந்தன.

### காரணம் 1: இருவர் வேறு வேறு விதமாக அளக்கிறார்கள்

யாரையும் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். பித்தின் உப்பை அளக்க, ஒரு பங்கு பித்துக்கு ஒன்றரைப் பங்கு நீர் சேர்ப்பவர்களும் உண்டு, ஐந்து பங்கு நீர் சேர்ப்பவர்களும் உண்டு. நீர் கூடினால் மீட்டரில் எண் குறையும். நம் ஆய்வகத்தில் ஐந்து பங்கு, வாங்குபவரின் ஆய்வகத்தில் ஒன்றரைப் பங்கு என்றால், ஒரே மூட்டை இங்கே தேறும், அங்கே தோற்கும். பொய் சொன்னவர் யாருமில்லை. ஒவ்வொரு முக்கிய விளைவுக்கும் கீழே, எந்தக் கருவி, எந்த விகிதம், எந்த நேரம், யார் அளப்பது என்று ஒரு வரி எழுதினால் இந்தக் கோளாறு தீர்ந்துவிடும். மீட்டரை அளவுத் திரவம் (மின்கடத்துதிறன் முன்பே தெரிந்த திரவம்) கொண்டு கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

### காரணம் 2: எண்ணைக் காப்பாற்றி, எண் காட்ட வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்

நாளொன்றுக்கு இத்தனை ஐந்து கிலோக் கட்டி என்று இலக்கு இருந்தால், நன்றாகக் காயாத பித்தை அழுத்தினாலும் தராசில் ஐந்து கிலோ நிற்கும். எடை சரி, எண்ணிக்கை சரி. ஈரம் மட்டும் கூடியிருக்கும். சோதனைக்குக் கட்டி ஒன்றை எடுத்து நீரூற்றி, எவ்வளவு விரிகிறது என்று வாளியில் அளந்து பாருங்கள். நன்றாகக் காய்ந்த ஐந்து கிலோக் கட்டி ஏறக்குறைய எழுபது லிட்டருக்கு விரிய வேண்டும். கணிசமாகக் குறைந்தால் நீங்கள் தண்ணீரை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். கட்டி எண்ணிக்கையோடு ஈர அளவையும் விரிவையும் துணை எண்களாக வையுங்கள். மாதிரி எடுப்பவர் எப்போதும் களத்தின் நடுவில், வெயில் நன்றாக விழும் இடத்தில் எடுக்கிறாரா என்றும் பாருங்கள். எந்தக் குவியலில் எடுப்பது என்பதை உற்பத்திப் பிரிவைச் சேராத ஒருவர் காலையில் சொல்லட்டும்.

### காரணம் 3: எண் குறைந்தால் திட்டு விழுகிறது

களத்து மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடம் கேட்டது இது: "மழை பெஞ்சுதுன்னு எழுதினா நம்பவா போறாங்க சார்? அதுக்கு நேத்து எண்ணையே எழுதிட்டா யாரும் கூப்பிட மாட்டாங்க." அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, அந்த இடத்தில் உண்மையை எழுதுவதற்கு ஒரு விலை இருந்தது. கடந்த இரண்டு மாதக் கூட்டங்களில் முதலில் சிவப்பைக் காட்டியவருக்கு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். கூட்டத்தில் அவமானப்பட்டார் என்றால், அளவீட்டு முறையை எத்தனை தடவை திருத்தினாலும் எண் பொய்யாகத்தான் வரும். அடுத்த கூட்டத்தில் பொது மேலாளரே தம் சிவப்பு எண்ணை முதலில் வாசிக்கட்டும், சிவப்பு காட்டியவரிடம் "என்ன உதவி வேண்டும்?" என்பதை மட்டும் கேட்கட்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனாலும் இந்தக் கட்டுரையில் சொன்னவற்றில் செய்யக் கடினமானது இதுதான்.

வெளி ஆளை அழைக்க வேண்டிய கட்டம்: எடைமேடைச் சீட்டு, கிடங்கு இருப்பு, விற்பனைப் பட்டியல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால், அன்றைக்கே உள்விசாரணையை நிறுத்திவிட்டுத் தணிக்கையாளரிடம் ஒப்படையுங்கள். பதிவேடுகளை யாரும் திருத்தாதபடி முதலில் படி எடுத்து வையுங்கள்.

## அறிகுறி: பலகை தொங்குகிறது, படிப்பவர் யாருமில்லை

இலக்குகளை எல்லாருக்கும் தெரிய வைத்தால் வெளிப்படைத்தன்மை வந்துவிட்டது என்று நம்பி, அச்சடித்த வண்ணப் பலகையை வாயிலில் மாட்டிவிடுகிறார்கள். நம் பகுதி ஆலைகளில் ஒரே களத்தில் தமிழ் படிப்பவர், மலையாளம் படிப்பவர், இந்தி மட்டும் அறிந்தவர், எழுத்தே அறியாதவர் என்று நான்கு வகையினரும் நிற்கிறார்கள். பலகையோ ஆங்கிலத்தில் இருக்கிறது. பித் களத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பலகையைக் காட்டி, "இதுல எங்களைப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டார். அந்தப் பலகையின் இரண்டாவது வரி முழுக்க அவர் செய்யும் வேலையைப் பற்றியது.

பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். களத்தில் நிற்பவருக்கு நிறுவனத்தின் எல்லா இலக்கும் வேண்டாம். அவர் கையால் மாறும் இரண்டு எண்கள் போதும், அவற்றை அன்றாடம் சுண்ணக்கட்டியால் அவர்களில் ஒருவரே எழுதட்டும். வேலை தொடங்கும்போது மேஸ்திரி அதை வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு வாரம் கழித்து மூன்று பேரிடம் நேற்றைய எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

வெளிப்படைத்தன்மைக்கும் வரம்பு உண்டு. தனி ஆள் சம்பளம், வாங்குபவருக்குக் கொடுக்கும் விலை, ஒருவரின் தனிப்பட்ட குறைபாடு ஆகியவை பலகைக்கு வரக் கூடாது. தொழிலாளியின் பெயரோடு தோல்வியை எழுதும் பலகையைக் கண்டால் அன்றே இறக்கிவிடுங்கள்.

## அறிகுறி: எவ்வளவு உழைத்தும் எட்டவே முடிவதில்லை

இலக்கு, எட்டியே ஆக வேண்டிய வகையா, எட்ட முயன்று பார்க்கும் வகையா என்று குறித்திருக்கிறதா பாருங்கள். கப்பலில் ஏற்ற வேண்டிய கன்டெய்னர் முதல் வகை. புதிய நாட்டில் வாடிக்கையாளர் பிடிப்பது இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே நிறத்தில் எழுதினால் எல்லாமே தோல்வியாகத் தெரியும்.

அடுத்தது வானிலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்றும் சாரலும் வரும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர், நவம்பரிலும் களத்தில் பித் காய்வது மந்தமாகும். மார்ச் மாத எண்ணை வைத்து ஜூலைக்கு இலக்கு எழுதியிருந்தால் களத்து ஆட்களைக் குறை கூற முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகளின் அதே மாத எண்களை எடுத்து அதன் மேல் இலக்கை வையுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் எண் அசையவில்லை என்றால் திறன் போதவில்லை. உலர்த்தும் எந்திரமோ, இன்னொரு களமோ, இன்னொரு ஷிப்டோ வேண்டும். அதற்கு முதலீடு இல்லை என்று முடிவெடுத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி இலக்கைக் குறையுங்கள். எட்ட முடியாது என்று தெரிந்த எண்ணைப் பலகையில் விட்டுவைத்தால், பக்கத்தில் உள்ள மற்ற எண்களையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

## அறிகுறி: இலக்கு முறை தொடங்கியதும் தொழிலாளர்களிடம் எதிர்ப்பு

முதலில் அவர்கள் என்ன கேள்விப்பட்டார்கள் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் "இலக்கு எட்டாதவரை நீக்கப் போகிறார்கள்" என்ற வதந்திதான் காரணமாக இருக்கும். முதலாளி நேரில் வந்து, அப்படி இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, எழுத்திலும் ஒட்டினால் அடங்கும். தொழிற்சங்கம் உள்ள இடத்தில் பலகை மாட்டும் முன்பே சங்க நிர்வாகிகளிடம் தாளைக் காட்டிவிடுங்கள். கஞ்சிக்கோட்டுப் பக்கம் இதை மறந்தவர்கள் ஒரு காலாண்டை முழுதாக இழந்திருக்கிறார்கள்.

எதிர்ப்பு அதற்கும் அடங்கவில்லை என்றால் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கூலி கணக்கிடும் முறை, ஊக்கத்தொகை, ஓய்வு நேரம், ஷிப்டு ஆகியவற்றில் இலக்கின் பெயரால் யாராவது கைவைத்திருக்கலாம். இத்தகைய பணி நிபந்தனைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றுவதற்கு முன் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தம் இருந்தால் அதன் விதிகளும் சேரும். கைவைத்தது உறுதியானால் மாற்றத்தை நிறுத்திவையுங்கள், பழைய முறைப்படியே அந்த மாதக் கூலியைக் கொடுங்கள், தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரை அழையுங்கள். இரண்டு மாநிலத்திலும் கிளை இருந்தால் இரண்டு மாநில விதிகளையும் பார்ப்பவராக அவர் இருக்க வேண்டும்.